சண்டை வண்டி

அந்த வேன் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தூரப் பயணமா, சண்டை வண்டியைக் கூப்பிடு, காது கொஞ்சம் வலிக்கும், ஆனால் முழுசாகப் போய்ச் சேருவாய். கேலிக்கு வைத்த பேர் அது. நாளடைவில் அதுவே நிலைத்துவிட்டது. ஓட்டுகிறவர் புருஷன், பக்கத்து இருக்கையில் பெண்டாட்டி. கிளம்பிய இடத்திலிருந்து இறங்குகிற இடம்வரை இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. புருஷனுக்கு ஸ்டாண்டில் பேர் கிடையாது, டிரைவர் என்றால் போதும். பெண்டாட்டிக்கு மட்டும் சண்டைக்காரி என்று தாராளமாகப் பட்டம் கொடுத்திருந்தார்கள். ஆண்கள் கூடுகிற இடத்தில் பட்டம் யாருக்குப் போகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

முதல் தடவை ஏறுகிறவர்கள் வெலவெலத்துப் போவார்கள். இதென்ன கூத்து, சண்டை போட்டுக்கொண்டே எங்காவது கொண்டுபோய் முட்டிவிடப் போகிறார்கள் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் டீக்கடை தாண்டுவதற்குள் பயம் தெளிந்துவிடும். இரண்டாவது டீக்கடையில் கட்சி பிரிந்துவிடும். பின்னால் இருக்கும் பெண்கள் அவள் பக்கம், ஆண்கள் அவர் பக்கம். "அக்கா சொல்றது நியாயம்தானே? சொந்தத் தங்கச்சின்னா தலையில தூக்கி வச்சுக்கணுமா?" என்று யாரோ ஒருத்தி மூக்கை நுழைப்பாள். அதற்குள் பாதி வழி போயிருக்கும். இறங்கும்போது, அடுத்த பயணத்துக்கும் உங்களைத்தான் கூப்பிடுவோம் என்பார்கள். பொழுது போனதே தெரியவில்லையாம்.

பொழுது போவதற்காக அவள் சண்டை போடவில்லை. அவர் தூங்காமல் இருப்பதற்காகப் போட்டாள்.

அவருக்கு அப்படி ஒரு தூக்கம். சோம்பேறித் தூக்கம் இல்லை, அந்த மனுஷன் உழைப்புக்கு அஞ்சியவர் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கை இருக்கும்போதே தலை தொங்கும். பேசிக்கொண்டே இருப்பார், பாதி வாக்கியத்தில் ஆளைக் காணோம். ராத்திரியெல்லாம் குறட்டை. குறட்டைகூடப் பரவாயில்லை, நடுவில் மூச்சு சுத்தமாக நின்றுபோய், தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவர் மாதிரி திணறிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் அவள் எழுந்து உட்கார்ந்து அவர் தோளை உலுக்குவாள். மருந்துக்கடையில் இருக்கும் பெண் ஒருநாள் சொன்னாள், "அது வியாதிக்கா, டாக்டர்கிட்ட காட்டுங்க, முகத்துல மாட்டிக்கிற மாதிரி மெஷினெல்லாம் இருக்கு." வீட்டுக்கு வந்து சொன்னதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊர்ல இருக்கறவனெல்லாம் தூக்கம் வரலைன்னு டாக்டர்கிட்ட போறான். நான் தூக்கம் வருதுன்னு போய் நிக்கவா?" சிரித்து முடித்த பிறகுதான் உள்ளே இருந்த பயம் வெளியே வந்தது. "டாக்டர் எழுதிட்டா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் நீ என்னை என்ன பண்ணுவே, ஷோகேஸ்ல வைப்பியா?" அவளும் அத்தோடு விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து செய்த முட்டாள்தனம் அது.

அவள் வண்டியில் ஏறியதே தற்செயல்தான். ஒரு பயணத்தில் இடம் காலியாக இருந்தது, நானும் ஊர் பார்க்கிறேனே என்று முன்னால் உட்கார்ந்தாள். மத்தியானம், நேர் ரோடு. எதையோ கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவர் தாடை நெஞ்சில் கிடக்கிறது, கை மட்டும் ஸ்டீயரிங்கில் இருக்கிறது. அந்தக் கணத்தில் அவள் வாயில் வந்தது, "உங்க தங்கச்சி என் வளையலைத் திருப்பித் தரவே இல்ல!" என்பதுதான். ஏன் அது வந்தது என்று அவளுக்கே தெரியாது. அவர் படக்கென்று நிமிர்ந்தார். "எந்த வளையல்? அவளா? அவ அப்படிப்பட்டவளா?" என்று பிடித்துக்கொண்டார். ஊர் போய்ச் சேரும்வரை கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை.

அன்று அவள் கற்றுக்கொண்டாள். கதை சொன்னால் அவருக்குத் தாலாட்டு. பாட்டுப் போட்டால் கேட்கவே வேண்டாம். டீ கொடுத்தால் கப்பைப் பிடித்தபடியே போய்விடுவார். கோபம் ஒன்றுதான் அவரை இந்தப் பக்கம் இழுத்துப் பிடித்து வைக்கும். அடுத்த பயணத்துக்கு, "நானும் வர்றேன்" என்று அவள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தபோது அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவரை ஓட்டத் தெரிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் பயணத்துக்கு முந்தின நாள் இரண்டு பேருக்கும் வேலை நடக்கும். அவர் வண்டிக்கு அடியில் கிடப்பார். டயருக்கு டயர் காற்று பார்ப்பார். ஸ்டெப்னியை எல்லோரும் மறப்பார்கள், இவர் அதற்குத்தான் முதலில் பார்ப்பார். பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், வைப்பர், ஒவ்வொரு விளக்காகப் போட்டு அவளைப் பின்னால் நிறுத்தி, "எரியுதா? இப்ப?" என்று கேட்பார். ஜாக்கி இருக்கிறதா, கயிறு இருக்கிறதா, மருந்துப்பெட்டியில் பஞ்சு தீர்ந்துவிட்டதா, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை எங்கே என்று ஒரு பாடு தேடுவார். ஒரு நட்டு லூசாக இருந்தால் பயணத்தையே வேண்டாம் என்றுவிடுவார். அந்த விஷயத்தில் அவர் தங்கம்.

அவள் சமையலறையில் சாப்பாடு கட்டிக்கொண்டே சண்டைக்குச் சரக்கு சேர்ப்பாள். பக்கத்து ஊர் என்றால் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்காததே போதும். கொஞ்சம் தள்ளி என்றால் அவர் நண்பன் ஒருவன், குடிகாரன், அவனை இழுக்க வேண்டும். தங்கை வளையல் பெரிய சரக்கு, அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்தால் வீண். மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பி வெயில் கண்ணாடியில் அறையும் நேரத்துக்கு அதை மூடி வைத்திருப்பாள். பழைய சண்டைக்குக் கொஞ்சம் புது விஷயம் கலந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காரம் இருக்காது. சில சமயம் துணி துவைக்கும்போது நல்ல சண்டை ஒன்று தோன்றினால் அன்றைக்கே செலவழிக்காமல் அடக்கிக்கொள்வாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு சாதுவாக இருப்பார்கள் என்று ஸ்டாண்டில் சொன்னால் ஒருவனும் நம்பமாட்டான்.

அவளிடம் ஒரு சண்டை மட்டும் எடுக்காமலே கிடந்தது. எடுக்கவே கூடாது என்று வைத்திருந்தாள்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது, பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு மூச்சிழுப்பு உண்டு. அவர் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தூரம் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். "ஊருக்குள்ள வந்துட்டேன், அவங்களை இறக்கிட்டு வந்துடறேன்" என்று பெட்ரோல் பங்கிலிருந்து பேசினார். பேசிவிட்டு ஃபோனை அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டார். ஸ்டீயரிங்கில் கை வைத்தால் ஃபோன் அணைந்திருக்க வேண்டும், அது அவர் விதி. அந்த நேரத்தில் பாப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவள் கூப்பிட்டாள், கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இதோ வந்துவிடுவார், வண்டியிலேயே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று வாசலுக்கும் கட்டிலுக்கும் ஓடினாள். தெருமுனையில் ஆட்டோ நின்றிருக்கும், அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. இறங்கியவர்கள் சாமான் எடுக்க நேரமாக்கினார்கள். அவர் வந்தபோது குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

அவள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சொந்தபந்தம் எல்லாம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "விதி" என்று மட்டும் சொன்னாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தார், மறுபடி வண்டியைத் தொட்டார். உடம்பு ஊதியதும் இந்தத் தூக்கம் வந்து ஒட்டிக்கொண்டதும் அதற்குப் பிறகுதான். பெண்டாட்டி என்னைக் குற்றம் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் அந்த மனுஷனுக்கு மிச்சம் இருந்த சொத்து.

அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். முந்தின நாள் இரவெல்லாம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டு விடியும்போதுதான் அவர் வந்து படுத்திருந்தார். குறட்டை அப்போதுதான் ஏறியிருந்தது. ஃபோன் அடித்தது. பாப்பா போனதிலிருந்து அவளால் ஒரு ஃபோனை அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, தவறான நம்பராக இருந்தாலும் ஓடிப்போய் எடுப்பாள். மறுமுனையில் ஒரு ஆள், கொஞ்சம் வயதான குரல், நடுங்கியது.

"அக்கா, அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. சாயங்காலம்வரைக்கும் தாங்குமான்னு தெரியலங்கறாங்க. எந்த வண்டியும் கிடைக்கல. உங்களுக்கே மூணாவது தடவையா அடிக்கிறேன், முன்னாடி ரெண்டு தடவையும் ஃபோன் அணைஞ்சிருந்துச்சு."

மூன்றாவது தடவை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே படுத்திருக்கிறவரை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். "வந்துடறோம்" என்று சொல்லிவிட்டாள்.

எழுப்பியபோது அவர் கோபிக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வழக்கம்போல வண்டிக்கு அடியில் குனிந்தார். அந்தக் குடும்பம் வீட்டு வாசலில் தவித்துக்கொண்டு நின்றது: அந்த ஆள், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். அங்கே போயும் இவர் ஸ்டெப்னிக்குக் காற்று பார்த்தார், பிள்ளைகளை நடு இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். "டிரைவர், நேரமாகுது" என்றார் அந்த ஆள். "ரெண்டு நிமிஷம் சார், போறது முக்கியம் இல்ல, போய்ச் சேரணும்" என்றார் இவர். வண்டியில் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஓட்டுகிறவர் தூங்கினாரா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தெரிந்த ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

கேட் பெயிண்டில் ஆரம்பித்தாள். காலையில் அது போதுமாக இருந்தது. நண்பனை இழுத்தாள், அதுவும் ஓடியது. பின்னால் அந்த அம்மாள்கூட, மாமனார் கவலைக்கு நடுவில், லேசாகச் சிரித்தாள். "எங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்றாள். சின்னப் பிள்ளை, "ஆன்ட்டி, அப்புறம் அந்த மாமா என்ன பண்ணாரு?" என்று கேட்டது. சாப்பாட்டுக்கு நிறுத்தவில்லை, ரொட்டியும் பழமும் கையில் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆளுக்கு அடிக்கொரு தரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்துகொண்டிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்து சரிந்தது. ரோடு நேராகிவிட்டது. அந்த மாதிரி ரோடு ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய எதிரி. வளைவு கிடையாது, மரம் கிடையாது, ஊர் கிடையாது, வண்டி ஒரே சீராக முனகிக்கொண்டு போகும். அவள் வளையலை எடுத்தாள்.

"நேத்து உங்க தங்கச்சி ஃபோன் பண்ணினா. வளையலை வித்துட்டாளாம்."

"ம்."

"கேட்டுதா? வித்துட்டாளாம். எங்க அம்மா எனக்குப் போட்ட வளையல்."

"ம்."

சண்டைக்கு "ம்" பதில் இல்லை. அவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார். ஈரத்துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டாள். காதைத் திருகினாள். ஜன்னலை முழுதும் இறக்கினாள். அவர் தலையை உலுக்கிக்கொண்டு நிமிர்ந்தார், ஒரு கல் தூரம் போவதற்குள் இமை இறங்கியது. உங்க அம்மா என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப சொன்ன பேச்சு இருக்கே என்று ஆரம்பித்தாள், அது அவள் அவசரத்துக்கு என்று வைத்திருந்த சரக்கு. "விடு, செத்துப் போனவங்க" என்றார். அவ்வளவுதான், அதுவும் போயிற்று.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. முகத்தைக் கழுவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டுப் போகலாம்."

பின்னாலிருந்து அந்த ஆள் முன்னால் குனிந்தார். "அக்கா, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. இப்பத்தான் ஃபோன் வந்துச்சு. மூச்சு வாங்குதாம். இன்னும் கொஞ்ச தூரம்தானே?" அழுகிற மாதிரி இருந்தது அவர் குரல். ஓட்டுகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "நிறுத்தல சார், கவலைப்படாதீங்க" என்றார். மூச்சு வாங்குது என்று கேட்ட பிறகு அவரால் எப்படி நிறுத்த முடியும்? சாவியைத் திருகி அணைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. ஓடுகிற வண்டியில் அது என்னவாகும் என்று அவளுக்குத் தெரியாது. அவரைக் கேவலப்படுத்துவதாகும், இத்தனை நாள் மூடி வைத்ததை ஊரறியச் சொல்வதாகும் என்பது தெரியும். உடனே, பிள்ளைகள் இருக்கும்போது இதெல்லாம் ஒரு யோசனையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"டிரைவருக்குத் தூக்கம் வருதுங்க, அவர் ராத்திரி தூங்கல" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"ஏய்! சும்மா இரு" என்றார் அவர். "அவ எப்பவும் இப்படித்தான் சார், சண்டை போட ஏதாவது வேணும்." பின்னால் அந்த அம்மாள் சிரித்தாள். அந்த ஆளும், சண்டை வண்டி என்று சொன்னார்கள் சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டார். அத்தனை வருஷம் பொய்ச் சண்டை போட்டவள் நிஜத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்த நிமிஷம் சரளைக்கல் கரகரவென்று சக்கரத்துக்கு அடியில் சத்தம் போட்டது. வண்டி ரோட்டை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தாள், அவர் திடுக்கிட்டு விழித்துத் திருப்பினார், வண்டி எதிர்ப்பக்கம் ஆடியது. எதிரே வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே பக்கத்தில் சீறிப் போனது. பிள்ளைகள் ஹோவென்று கத்தி, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தன. "பள்ளம் சார்" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி இமை விழுந்தது. அவள் பார்த்தாள்.

திரும்பிப் பின்னால் பார்த்தாள். சின்னது பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவளைப் பார்த்துச் சிரித்தது.

அவள் அவர் பக்கமாகச் சாய்ந்தாள். சண்டைக்குரல் இல்லை. பின்னால் கேட்காத குரல்.

"பாப்பாவுக்கு மூச்சு இழுத்தப்ப நான் உங்களை எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?"

அவர் கை ஸ்டீயரிங்கில் இறுகியது.

"அப்பா எப்ப வரும், அப்பா எப்ப வரும்னு அது கேட்டுச்சு. நீங்க ஃபோனை அணைச்சு உள்ள போட்டுட்டீங்க. அடுத்தவங்க பிள்ளைங்க பத்திரமா போகணும்ல? போயிட்டாங்க. அவங்க பிள்ளைங்க வளர்ந்து காலேஜுக்குப் போறாங்க. நம்ம பிள்ளை போயிடுச்சு. விதின்னு ஊருக்குச் சொன்னேன். விதி இல்ல. நீங்கதான்."

தூக்கத்தைக் கலைப்பதற்கு என்றுதான் ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அது கைமீறிப் போய்விட்டது. ஒவ்வொரு சொல்லும் இத்தனை வருஷமும் வரிசையில் நின்றிருந்தது போல வந்தது. இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டா இருந்தேன் என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. ஆமாம், நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவர் முதுகு நிமிர்ந்தது. கண் முழுதும் திறந்தது. அதற்கப்புறம் அந்த வண்டி போன மாதிரி ஒரு வண்டி போய் நான் கேள்விப்பட்டதில்லை. கோடு மாறவில்லை, ஒரு குலுக்கல் இல்லை, முந்த வேண்டிய இடத்தில் முந்தி, விட வேண்டிய இடத்தில் விட்டு, ஊருக்குள் நெரிசலில் நுழைந்தும் ஒரு தடவைகூட பிரேக் அலறவில்லை. முன்னிருக்கையில் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"ஆன்ட்டி, சண்டை முடிஞ்சிடுச்சா?" என்றது சின்னது.

"சமாதானம் ஆயிட்டாங்கடா" என்றாள் அதன் அம்மா.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். அந்த ஆள் படியேறி ஓடினார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்து, இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கண்ணைத் திறந்து பார்த்தாருங்க. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. நீங்க நிறுத்தாம வந்தீங்களே, இந்த உதவியை மறக்கமாட்டேன்." காலையில் மனைவியையும் பிள்ளைகளையும் மட்டும் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும், பிள்ளைகளை இங்கே வைத்திருக்க முடியாது என்றார். "சரி சார்" என்றார் இவர்.

வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் கொண்டுபோய் ஓரமாக விட்டார். சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆறிடும்."

வாங்கி வண்டி மேல் வைத்தார், குடிக்கவில்லை.

"தூக்கத்தைக் கலைக்கத்தாங்க சொன்னேன். வேற வழி தெரியல."

"தெரியும்."

"வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"வாய்க்கு வந்ததா, மனசுல இருந்ததா?"

வளையல் போகவே இல்லை, பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நண்பன் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. எத்தனை எத்தனை பொய் அந்த வண்டியில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் சொல்லியிருப்பாள். இப்போது ஒரே ஒரு பொய் போதும், வாய்க்கு வந்தது என்று இன்னொரு தரம் சொன்னால் போதும், அந்த மனுஷன் நம்பிக்கொள்வார். நம்பத்தான் கேட்டார். அவளுக்கு நாக்கு எழவில்லை. அவர் துணியை மடித்தார்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார். "உன்னைக் கேக்கணும்னு. இத்தனை வருஷம் கேக்கல. இனிமேலும் கேக்கமாட்டேன்."

என்ன என்று அவள் கேட்கவில்லை. தெருமுனையில் ஆட்டோ நின்றதே, ஏன் கூப்பிடவில்லை? தன்னைத் தவிர யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அவரும் அதைத் தூக்கிக்கொண்டுதான் பக்கத்திலேயே சாப்பிட்டிருக்கிறார், பக்கத்திலேயே படுத்திருக்கிறார். அவளைவிட நன்றாக மூடி வைத்திருக்கிறார். அவள் வண்டிப்படியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை.

அவர் ஓட்டுகிற இருக்கையைச் சாய்த்துப் படுத்தார். மற்ற நாளென்றால் இருக்கை பாதி சாய்வதற்குள் குறட்டை கேட்கும், பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவள் காத்திருந்தாள். விளக்குகள் எரிய ஆரம்பித்தன. யாரோ ஒரு நோயாளியை உள்ளே கொண்டுபோனார்கள். குறட்டை வரவில்லை. ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். அவர் வண்டியின் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"தூங்குங்க" என்றாள். "காலையில பிள்ளைங்களை ஏத்திட்டுப் போகணும்."

"ம்."

"கொஞ்ச நேரமாவது கண்ணை மூடுங்க. ஏங்க, உங்களைத்தான். தூங்குங்க."

கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கண்ணையும் மூடவில்லை.